சாலையிலிருந்து மூன்று நாள் நடைத் தூரத்தில் உள்ள 5,000 மீட்டர் சிகரத்துக்கு எப்படித் திட்டமிடுவது?

மூன்று நண்பர்கள், சாலை முடியும் இடம் 2,800 மீட்டர், சிகரம் 5,000 மீட்டர், நடுவில் ஊரும் இல்லை சிக்னலும் இல்லை. மூன்று நாளில் ஏறி இரண்டு நாளில் இறங்கிவிடலாமா, திட்டத்தை எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இறங்குவதிலிருந்து ஆரம்பியுங்கள். பல வருடங்களாக மலை ஏறுகிறவன் என்ற முறையில் நான் அடித்துச் சொல்வது இது ஒன்றைத்தான். வரைபடத்தை விரித்ததும் எல்லோரும் உச்சிக்குப் போகும் வழியைத்தான் பென்சிலால் போடுவார்கள். நான் முதலில் போடுவது வேறு கோடு. ஒவ்வொரு முகாமிலிருந்தும், தள்ளாடி நடக்கிற ஒருவரைக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவர எது வழி? அந்தக் கோடு போட முடியாத இடத்தில் நான் கூடாரம் அடிப்பதில்லை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். சிகரத்துக்கு இரண்டு வழி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பள்ளத்தாக்கோடு சுற்றிப் போகும் நீளமான வழி. இன்னொன்று 4,600 மீட்டர் கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் 4,100 மீட்டரில் இருக்கும் கிண்ணம் போன்ற பள்ளத்தில் இறங்கும் குறுக்கு வழி. காகிதத்தில் ஒரு நாள் மிச்சம். ஆனால் அந்தப் பள்ளத்தில் இரவு ஒருவருக்கு உடம்பு மோசமானால், கீழே கொண்டுபோக முதலில் அவரை 500 மீட்டர் மேலே ஏற்ற வேண்டும். மூச்சுக்கே திணறுகிறவரால் அது நடக்காது. ஆகவே நான் பள்ளத்தாக்கு வழியைத்தான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன்.

அடுத்து உங்கள் மூன்று நாள் கணக்கு. அது சரிப்படாது. 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான், ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைந்துவிடுகிறது. உடம்பு இதற்குப் பழக நாள் எடுக்கும். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் விதி. அதன்படி முகாம்கள் 3,200, 3,600, 4,000, மறுபடி 4,000, பிறகு 4,450 என்று வரும். ஆறாம் நாள் உச்சி தொட்டு 4,000 வரை இறங்கிவிடலாம். அங்கிருந்து சாலைக்கு இரண்டு நாள். மழை, பனி, உடம்பு என்று ஏதாவது வரும், அதற்கு இரண்டு நாள் கையிருப்பு. ஆக மொத்தம் பத்து நாள். அவ்வளவு விடுப்பு கிடைக்கவில்லை என்றால் உயரம் குறைந்த சிகரமாகத் தேடுங்கள். நாளைக் குறைக்காதீர்கள்.

தலைவலி, குமட்டல், சாப்பிடப் பிடிக்காமை இவை வந்தால் அன்றைக்கு மேலே ஏறுவது நிற்க வேண்டும். நேர்கோட்டில் அடி மேல் அடி வைத்து நடக்கச் சொல்லிப் பார்க்கும்போது ஒருவர் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடுராத்திரியானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். அசிட்டசோலமைடு மாத்திரை பற்றிப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், முக்கியமாக உங்களில் யாருக்காவது சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாமல் போகும் என்றால். அந்த மாத்திரை உடம்பு உயரத்துக்குப் பழகுவதைத் துரிதப்படுத்தும், அவ்வளவுதான்.

ஒரு நாள் நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். 8 கிலோமீட்டர், 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. முதுகில் மூட்டையும் மெல்லிய காற்றும் இருக்கும்போது நான் அதை ஒன்றரை மடங்காக்கிவிடுவேன், 4,000-க்கு மேலே இரண்டு மடங்கு. வரைபடத்தில் சம உயரக் கோடுகள் நெருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும் செங்குத்தான இடத்தில் எந்தக் கணக்கையும் நம்ப வேண்டாம்.

ஓடைகளையும் இதே கண்ணோடு பாருங்கள். பனியாற்றிலிருந்து வரும் ஓடை காலையில் கல் மேல் கல்லாகத் தாண்டக்கூடியதாக இருக்கும். வெயிலில் பனி உருகி, சாயங்காலம் அதே இடத்தில் தண்ணீர் தொடையளவு, சாம்பல் நிறத்தில் ஓடும். கரையில் நின்றால் அடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் தண்ணீரில் காலை வைக்கவே கூடாது, இரவு தங்கி விடியற்காலையில் கடக்க வேண்டும். அதனால் உச்சியிலிருந்து திரும்பும் வழியில் பிற்பகலில் எந்த ஓடையும் குறுக்கே வராதபடி முகாமை மாற்றிக்கொள்ளுங்கள்.

உச்சி நாளன்று திரும்பும் நேரத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பதினொரு மணி என்றால் பதினொரு மணி, உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும். மேலே போனபிறகு முடிவெடுக்கலாம் என்று விட்டுவிட்டால் களைப்பும் ஆசையும்தான் முடிவெடுக்கும். மூவரில் ஒருவர் இறங்க வேண்டி வந்தால் மூவரும் இறங்குவது என்பதையும் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். என்னைக் கேட்டால் மூன்று பேர் போதாது. அந்தப் பகுதியை அறிந்த வழிகாட்டி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஒருவர் விழுந்தால் ஒருவர் கூட இருக்க, இரண்டு பேர் சேர்ந்து உதவி தேடிப் போக முடியும்.

பயிற்சியிலும் எல்லோரும் ஏறத்தான் பழகுகிறார்கள். மூட்டையோடு படிக்கட்டில் இறங்கிப் பழகுங்கள், முட்டியும் தொடையும் தாங்க வேண்டியது அங்கேதான்.

சாமான்களைப் பற்றி நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள், நான் சிலதை மட்டும் சொல்கிறேன். 4,500 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வகைகள் லேசில் வேகாது. வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற உணவாக எடுங்கள். அடுப்புக்கு வெறும் பூட்டேன் கேஸ் என்றால் கடுங்குளிரில் மக்கர் செய்யும், புரொப்பேன் கலந்த கேஸ் வேண்டும். அதை விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள், போய் இறங்கும் இடத்தில்தான் வாங்க வேண்டும். பேட்டரிகளை இரவில் ஸ்லீப்பிங் பேகுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மேகமாக இருந்தாலும் பனியில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். ஆளுக்கு ஒரு விசில். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுவது மலையில் ஆபத்துக்கான சைகை.

அப்புறம், சாட்டிலைட் போனுக்குச் சில நாடுகளில் முன் அனுமதி வேண்டும், மலைக்கான அனுமதி விண்ணப்பத்தோடு அதையும் விசாரித்துவிடுங்கள். ஊரில் நிதானமான ஒருவரிடம் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போங்கள். அதில் முகாம்கள், தேதிகள், கூடாரத்தின் நிறம், மீட்புக் குழுவின் எண், கூடவே எந்த நாள் எத்தனை மணிவரை உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் அவர் அந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பது. கையிருப்பு நாள் இரண்டையும் சேர்த்தே அந்தத் தேதியைப் போடுங்கள்.