1997 நிதி நெருக்கடிக்கு அப்புறம் தென் கொரியா தன் வளர்ச்சிப் பாதையை எப்படி மாற்றியது?

மக்கள் தங்கம் கொடுத்து நாட்டின் கடனை அடைத்தார்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். 1998 தொடக்கத்தில் கல்யாண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரம் எல்லாம் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றது உண்மைதான், ஆனால் பெரிய மாற்றம் வேறு இடத்தில் நடந்தது. அதுவரை அங்கே வளர்ச்சி என்றால் பெரிய தொழில் குழுமங்கள் வங்கியில் கடன் வாங்கி ஆலைமேல் ஆலையாகக் கட்டுவது. முதல் 30 குழுமங்களின் கடன் சொந்த முதலைவிட 5 மடங்கைத் தாண்டியிருந்தது. 1999 கடைசிக்குள் அதை 2 மடங்குக்குக் கொண்டுவரச் சொன்னது அரசு. அப்போதும் கடன் வாங்கிக்கொண்டே இருந்த டேவூ குழுமம் அதே வருடம் சரிந்தது, பெரிய குழுமத்தை அரசு மூழ்க விடாது என்ற தைரியமும் அதோடு போச்சு. அதே காலத்தில்தான் பிராட்பேண்ட் இணையம், புதிய தொழில்நுட்ப நிறுவனங்கள் பக்கம் திரும்பினார்கள். நெருக்கடியில் ஐஎம்எஃப்பிடம் (சர்வதேச நாணய நிதியம்) வாங்கிய கடன் 2001 ஆகஸ்டிலேயே தீர்ந்தது. சரி, இதற்குக் கொடுத்த விலை? ஆட்குறைப்பை 1998இல் சட்டமே எளிதாக்கியது, ஒப்பந்த வேலை பெருகியது, அந்தச் சிக்கல் இன்றுவரை தீர்ந்தபாடில்லை.