ஆறு நாளில் அமெரிக்கப் பள்ளத்தாக்குகள்: எதற்கு முதலில் பணம் கட்டுவது?

கேள்வி: கோவையிலிருந்து நானும் மனைவியும், 9, 13 வயதுப் பிள்ளைகளும் அக்டோபரில் அமெரிக்கா செல்கிறோம். லாஸ் வேகாஸில் இறங்கி, ஆறு நாளில் ஸயான், பிரைஸ், ஆண்டலோப், கிராண்ட் கேன்யன் ஆகிய பள்ளத்தாக்குகளைப் பார்க்க ஆசை. வேகாஸிலேயே தங்கி, தினமும் பஸ்ஸில் போய்வரும் பேக்கேஜ் ஒன்றை ஏஜெண்ட் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வேகாஸிலிருந்து ஆண்டலோப் இருக்கும் பேஜ் நகரம் சுமார் 450 கி.மீ. போக நாலரை மணி நேரம், வர நாலரை மணி நேரம். பிள்ளைகள் பார்க்கப்போவது பஸ் ஜன்னலைத்தான்.

அந்தப் பேக்கேஜில் "கிராண்ட் கேன்யன்" என்று எழுதியிருந்தால், எந்தப் பக்கம் என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். கண்ணாடி நடைமேடை உள்ள மேற்குப் பகுதி, ஹுவாலபாய் பழங்குடியினருக்குச் சொந்தமானது. தேசியப் பூங்காவில் சேராது. வேகாஸிலிருந்து அதுதான் பக்கம் என்பதால், ஒருநாள் பயணங்களில் பல அங்கேதான் போகின்றன. நாம் படங்களில் பார்த்து மயங்குகிற காட்சிகள் பெரும்பாலும் தேசியப் பூங்காவில் உள்ள தெற்கு விளிம்பில் எடுக்கப்பட்டவை. மேற்குப் பகுதி மோசம் என்று சொல்லவில்லை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்பதைத்தான் சொல்கிறேன்.

வேகாஸில் கார் வாடகைக்கு எடுத்து, ஒரு வட்டமடித்து, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஸயானில் இரண்டு இரவு, பிரைஸில் ஒன்று, பேஜில் ஒன்று, தெற்கு விளிம்பில் ஒன்று. கடைசி நாள் வேகாஸ் திரும்ப 450 கி.மீ. இருக்கிறது, அன்று வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மான்யுமென்ட் வேலி என்ற பாறைக்குன்றுப் பகுதியையும் சேர்க்கச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். ஆறு நாளில் அது அடங்காது, விட்டுவிடுங்கள்.

ஓட்டலுக்கு முன்பே ஆண்டலோப் டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். அது நவஹோ பழங்குடியினரின் நிலம். அவர்கள் அனுமதித்த வழிகாட்டியுடன், குறித்த நேரத்தில்தான் உள்ளே போக முடியும். நடுப்பகல் நேரங்கள் முதலில் தீர்ந்துவிடும். அந்த நேரம் கையில் வந்த பிறகு மற்ற நாட்களை அதைச் சுற்றி அடுக்குங்கள். பணம் கட்டும் முன் ரத்து விதியையும் படியுங்கள். 1997 ஆகஸ்டில் எங்கோ தொலைவில் பெய்த மழை, வெள்ளமாக லோயர் ஆண்டலோப்புக்குள் (ஆண்டலோப்பின் இரண்டு பகுதிகளில் ஒன்று, மற்றது அப்பர்) பாய்ந்து 11 பேர் இறந்தார்கள். அதனால் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் பயணத்தை நிறுத்துவார்கள். பணம் திரும்புமா, வேறு நேரம் தருவார்களா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். லோயரில் செங்குத்தான ஏணிப்படிகள் உண்டு. உங்களில் யாருக்காவது முழங்கால் வலி இருந்தால் அப்பர்.

கைப்பேசிக் கடிகாரத்தை நம்ப வேண்டாம். அக்டோபரில், ஸயானும் பிரைஸும் இருக்கும் யூட்டா மாநிலம், பேஜ் இருக்கும் அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். நவஹோ நிலமும் அப்படியே. ஆனால் ஆண்டலோப்பில் சுற்றுலா நடத்துபவர்கள் பேஜ் நகரத்தின் அரிசோனா நேரத்தையே பின்பற்றுகிறார்கள். கைப்பேசி எந்த கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும்.

கேள்வி: பூங்காக்களுக்கு ஆண்டு பாஸ் வாங்கினால் லாபமா?

பதில்: உங்களுக்கு லாபம்தான். கணக்கைப் பாருங்கள். ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றிலும் ஒரு காருக்கு 35 டாலர். 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காதவர்கள் முக்கியமான 11 பூங்காக்களில் 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 100 டாலர் கட்ட வேண்டும். இந்த மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நீங்கள் இருவர், பூங்காவுக்கு 235, மூன்றுக்கும் 705 டாலர். வெளிநாட்டவருக்கான ஆண்டு பாஸ் 250 டாலர். அங்கே வசிப்போருக்கு அது 80 டாலர்தான். அங்குள்ள உறவினர் பெயரில் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள்.

ஆண்டலோப்பில் இந்தப் பாஸ் செல்லாது. பேஜ் அருகே ஆறு வளைந்தோடும் ஹார்ஸ்ஷூ பெண்டிலும் செல்லாது. அங்கே வண்டி நிறுத்தக் கட்டணம் நகராட்சிக்குப் போகிறது.

கேள்வி: வாடகைக்குப் பெரிய ஜீப் எடுக்கவா? மண் சாலையிலும் போகலாமே?

பதில்: சொன்ன பாதை முழுக்கத் தார்ச்சாலை, சாதாரண கார் போதும். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண் சாலையைத் தடுக்கின்றன. ஜீப்பாகவே இருந்தாலும், அங்கே வண்டி சேதமானால் நீங்கள் கட்டிய காப்பீடு கைகொடுக்காது. ஸயானிலோ காரையே ஓரமாக நிறுத்திவிட வேண்டும்: பள்ளத்தாக்கின் உட்சாலையில் அக்டோபரில் இலவசப் பேருந்து மட்டும்தான், அதற்கு முன்பதிவும் இல்லை. அதற்கு டிக்கெட் என்று உங்கள் ஏஜெண்ட் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.