இறங்கும்போது வலிக்கும் முட்டி

கேள்வி: மூன்று வருடமாக யோகா செய்கிறேன். உடம்பு நன்றாக வளைகிறது, பத்மாசனத்தில் அரை மணி நேரம் உட்காருவேன். ஆனால் போன மாதம் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது முட்டி வலி தாங்க முடியவில்லை. தைப்பூசத்துக்கு இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. யோகாவை விட்டுவிடவா?
– 51 வயது வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: விட வேண்டாம், சகோதரி. பத்மாசனத்தை மட்டும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

முட்டி கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், திருகுவதற்கு அதிகம் இடமில்லை. பத்மாசனத்தில் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. அது திரும்பாவிட்டால் திருகல் முட்டிக்குள் போய்விடும். எனக்கே நடந்திருக்கிறது. முப்பது வயதில், ஒரு வகுப்பில் ஆசிரியர் என் தொடையைப் பிடித்துக் கீழே அழுத்தினார். முட்டியின் உள்பக்கம் 'டக்' என்றது. எட்டு மாதம் சம்மணம் போட முடியவில்லை. இன்றுவரை என் வகுப்பில் யார் காலையும் யாரும் அழுத்த நான் விடுவதில்லை.

சரி, ஏறும்போது இல்லாத வலி இறங்கும்போது ஏன்? 513 படியிலும் உங்கள் எடையைத் தாங்கிப் பிடித்து மெல்ல இறக்குவது முன்தொடைத் தசை. உங்களிடம் வளைவு இருக்கிறது, அந்தப் பிடிதான் போதவில்லை என்று நினைக்கிறேன்.

சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்காருவது போல உத்கடாசனம், 20 வினாடி, நான்கு முறை, வாரம் மூன்று நாள். அப்புறம் ஃபிளாட் மாடிப்படியின் கடைசிப் படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நில்லுங்கள். மற்ற காலை மூன்று எண்ணி இறக்கி, குதிகால் தரையைத் தொட்டதும் மேலே எடுங்கள். நிற்கிற காலைக் கவனியுங்கள். அதன் முட்டி பெருவிரலைத் தாண்டி உள்ளே சரியும், பலருக்கும் அப்படித்தான். இரண்டாவது விரலுக்கு நேராக நிறுத்துங்கள். நிற்கவில்லையென்றால் பிட்டத் தசையில் பலம் குறைவு, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் வலி கூடினால், இன்னும் தாழ்வான படியாகப் பாருங்கள்.

தசை சில வாரங்களில் தேறிவிடும். அதை எலும்போடு கட்டும் நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, மாதக்கணக்கில் ஆகும். அவசரப்படாதீர்கள். முட்டி வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, கால் திடீரென்று நழுவினாலோ முதலில் டாக்டரிடம் போங்கள்.

மூன்று மாதம் கழித்து, கூட்டமில்லாத ஒரு காலையில் நூறு படி மட்டும் ஏறி இறங்கிப் பாருங்கள். மறுநாள் முட்டி என்ன சொல்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.