கேட்ட கருத்துக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: பள்ளி நிர்வாகக் குழுவில் புதிய உறுப்பினர் நான். மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் இரண்டு பள்ளிகளை இணைப்பது குறித்துக் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டோம். முதல் கூட்டத்துக்குத் திரண்டு வந்த பெற்றோர் இரண்டாவதற்கு வரவே இல்லை. அவர்களுடைய நம்பிக்கையை எப்படி மீட்பது?

பதில்: முதல் கூட்டத்தில் பெற்றோர் சொன்னவற்றுக்கு என்ன ஆயிற்று என்று இரண்டாம் கூட்டத்துக்கு முன் அவர்களிடம் தெரிவித்தீர்களா? இல்லையென்றால், அவர்கள் வராததை அக்கறையின்மை என்று எண்ண வேண்டாம். பேசிப் பயனில்லை என்று கணித்துவிட்டார்கள், அந்தக் கணிப்பில் பிழையும் இல்லை. குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக 1969-இல் விவரித்த அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன், கருத்துக் கேட்பதைக் கீழிருந்து நான்காம் படியில்தான் வைத்தார். கேட்ட கருத்து முடிவில் இடம்பெறும் என்ற உறுதி இல்லாதவரை அது சடங்குதான் என்பது அவர் வாதம்.

ஆகவே, எது முடிவாகிவிட்டது, எது இன்னும் முடிவாகவில்லை என்பதை அழைப்பிலேயே பிரித்து எழுதுங்கள். இணைப்பு உறுதியாகிவிட்டது, இனி எந்தக் கட்டடம், எப்போது முதல், பிள்ளைகள் எப்படிப் போய்வருவார்கள் என்பவை மட்டுமே பேச்சுக்கு உரியவை என்றால், அதை மறைக்காதீர்கள். அன்று கோபப்படுவார்கள்தான், ஆனால் எடுத்த முடிவை மறைத்துக்கொண்டு கருத்துக் கேட்டீர்கள் என்பது பின்னர் தெரியவந்தால், அந்தக் கசப்பை உங்களுக்கு அடுத்து வரும் குழுவும் சுமக்க நேரும். மாணவர் எண்ணிக்கைக் கணிப்பு, செலவுக் கணக்கு ஆகியவற்றையும், குழு பார்த்த அதே வடிவில், எந்த அனுமானங்களின்மேல் போடப்பட்டவை என்ற விளக்கத்தோடு கூட்டத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

கூட்டம் முடிந்த இரண்டு வாரத்துக்குள், பெற்றோர் சொன்னவற்றில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் தெரிவியுங்கள். ஏற்காதவற்றுக்கான காரணத்தைத்தான் முதலில் தேடிப் படிப்பார்கள். ‘பரிசீலிக்கப்படும்’ என்ற சொல் அதில் எங்கும் வேண்டாம்; அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும்.

இரவுப் பணிக்குச் செல்வோரும் கைக்குழந்தை உள்ளோரும் மாலைக் கூட்டத்துக்கு வருவது அரிது. பிள்ளைகளை அழைத்துப்போக வரும் நேரத்தில் பள்ளி வாசலில் அவர்களைச் சந்தியுங்கள். அங்கே தனிப்பட்ட வாக்குறுதி எதுவும் தராதீர்கள்: முடிவெடுக்கும் அதிகாரம் முழுக் குழுவுக்கு உண்டே தவிர, தனி உறுப்பினருக்கு இல்லை.

மூன்றாம் கூட்டத்துக்கு நாள் குறிப்பதற்கு முன், முதல் கூட்டத்துக்கான அந்தப் பதிலை, தாமதத்தை ஒப்புக்கொள்ளும் ஒரு வரியோடு, இப்போதாவது அனுப்பிவிடுங்கள்.