குளிர்காலம் முடிந்து எடுத்தால் மாடல் விமானத்தின் குளோ என்ஜின் சுற்றவில்லை

புரொப்பெல்லரைப் பலங்கொண்டு திருப்பாதீர்கள், ஸ்டார்ட்டரும் வேண்டாம். முதலில் சூடு காட்டுங்கள். நாலு மாதம் கேரேஜில் கிடந்து இறுகியது என்கிறீர்கள். எரிபொருளில் விளக்கெண்ணெய் இருந்திருந்தால் (ஆமாம், பாட்டி கொடுத்த அதே எண்ணெய்தான்) அது பிசினாகியிருக்கும்.

குளோ பிளக்கை (எரிபொருளைப் பற்றவைக்கும் சின்ன பிளக்) கழற்றி, சிலிண்டரையும் அதற்குக் கீழே உள்ள கிராங்க் கேஸையும் ஹேர் டிரையரால் பத்து நிமிடம் சூடாக்குங்கள். டேங்கில் எரிபொருள் இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். அப்புறம் ஆஃப்டர் ரன் ஆயில் (ஓட்டி முடித்தபின் துருப்பிடிக்காமல் இருக்க விடும் எண்ணெய்) சில சொட்டு விட்டு, புரொப்பெல்லரைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள்.

இளகியபின் கரகரவென்று சுற்றினால் பேரிங் துருப்பிடித்திருக்கலாம். எரிபொருளில் உள்ள மெத்தனால் ஈரத்தை இழுக்கும். மாற்றாமல் ஓட்டாதீர்கள், துகள் பிஸ்டனையும் கீறிவிடும்.

ஏபிசி வகை (அலுமினியப் பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை சிலிண்டர்) என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கொஞ்சம் இறுகுவது இயல்புதான். அதைப் பழுதென்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள்.