பிறந்தநாள் கேக் வரும்போது என்ன செய்யலாம்?
வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்கள், ஆனால் அலுவலகத்தில் பிறந்தநாள் கேக்கை நீட்டினால் மறுக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மன உறுதிக் குறைவு என்று நினைக்காதீர்கள். நாலு பேரோடு இருக்கும்போது நாம் பெரும்பாலும் கூடுதலாகத்தான் சாப்பிடுவோம்.

எனக்குப் பலன் தந்தது, பதிலைக் காலையிலேயே முடிவு செய்துவிடுவது. ‘கேக் வந்தால் ஒரு வாய் எடுப்பேன், வாழ்த்துவேன், தண்ணீர் பாட்டிலோடு மேசையை விட்டு நகர்ந்துவிடுவேன்.’ இந்த அளவுக்குத் துல்லியமாக! உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கிய ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ உத்திதான் இது.

அப்புறம், பசியோடு போகாதீர்கள். வற்புறுத்துபவரிடம் காரணம் சொன்னால் விவாதம்தான் வளரும். ‘வேண்டாங்க, நன்றி’ போதும். ஒருநாள் முழுத் துண்டையும் சாப்பிட்டுவிட்டீர்களா? சரி, அதற்காக இரவு பட்டினி கிடக்காமல் வழக்கமான உணவையே சாப்பிடுங்கள்.