விடுதிப் பள்ளிக்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டுமா?

அன்புள்ள மேடம்,

எனக்கு ஒரே மகள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். எங்கள் ஊர் அறந்தாங்கி பக்கம். பிளஸ் ஒன்னுக்கு அவளை நாமக்கல் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ப்பதென்று என் கணவர் முடிவு செய்துவிட்டார். முடிவு செய்த பிறகுதான் எனக்கே தெரியும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே விண்ணப்பம் போட்டு 25,000 ரூபாய் முன்பணம் கட்டினால் சலுகையாம். ரிசல்ட் வந்த பிறகு போனால் இடமே இருக்காதாம். என் வளையலை அடகு வைக்கலாம் என்கிறார். அதையும் அவர் அம்மாவிடம்தான் பேசினார், என்னிடம் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் என் ஓரகத்தி. அவர் மகன் அங்கே படித்து டாக்டர் சீட் வாங்கிவிட்டான். அதிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் இதே பேச்சு. "மடியிலேயே வச்சிருந்தா பிள்ளை டாக்டர் ஆயிடுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார். மாமியாரும் அவர் பக்கம்தான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் பேச்சுக்கு மதிப்பில்லை.

அந்தப் பள்ளியில் விடியற்காலையில் மணி அடித்து உட்கார வைத்தால் இரவு பத்து வரை படிப்புதானாம். போன் ஞாயிற்றுக்கிழமை மட்டும். இவளுக்குத் தலை பின்னிவிடக்கூட நான்தான் வேண்டும். காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? திருச்சி போய் பஸ் மாறி நான் போய்ச் சேர்வதற்குள் பொழுதே போய்விடும். (விண்ணப்பத்தைப் பார்த்தேன். "ஏன் இந்தப் பள்ளியில் சேர விரும்புகிறாய்?" என்ற இடத்தில் அவளே எழுதியிருக்கிறாள், "அமைதியாகப் படிக்க வேண்டும்" என்று. அதற்கு முன் பென்சிலில் நீளமாக ஏதோ எழுதி அழித்திருக்கிறாள், படிக்க முடியவில்லை. அவள் அப்பா சொல்லிக் கொடுத்திருப்பார்.) பெற்ற தாயை ஒரு வார்த்தை கேட்காமல் இப்படிச் செய்யலாமா?

ஓரகத்தியின் வாயை எப்படி அடைப்பது? ரிசல்ட் வரட்டும் என்று நான் பிடிவாதமாக நிற்கலாமா? தூக்கமே இல்லை மேடம்.

பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரிக்கு,

ஓரகத்தியின் வாயை அடைக்க என்னிடம் மருந்து இல்லை. வளையல் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. அதை உங்கள் கணவரிடம் நேராகவே சொல்லுங்கள். ஆனால் மகளின் படிப்போடு அதை முடிச்சுப் போட வேண்டாம்.

அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டு வைத்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அப்பா சொல்லிக் கொடுத்த பதில் என்றால் பிள்ளைகள் நேரே பேனாவில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பென்சிலில் நீளமாக எழுதி அழித்திருக்கிறாள் என்றால் அவளுக்கே சொல்ல ஏதோ இருந்திருக்கிறது. முழுசாகச் சொன்னால் யாருக்கோ வலிக்கும் என்று யோசித்திருக்கிறாள். அது நீங்களாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் ஆளாளுக்கு டாக்டர் என்கிறார்கள். அவள் அதை எழுதவே இல்லையே, கவனித்தீர்களா? மணி அடித்து எழுப்புகிற விடுதியில் போய் ஒரு பெண் அமைதியைத் தேடுகிறாள் என்றால், வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் என்னவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்? அப்பா ஒரு பக்கம் பேச, அம்மா ஒரு பக்கம் பேச, எல்லாம் அவள் பெயரைச் சொல்லித்தான் நடக்கிறது.

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று இவ்வளவு வருத்தப்படுகிறீர்கள். நீங்கள் அவளைக் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் கணவர் பேசுகிறார், ஓரகத்தி பேசுகிறார். மகள் வாயே திறக்கவில்லை. அவள் எழுதிய ஒரு வரியையும் அப்பா கணக்கில் எழுதிவிட்டீர்கள். பத்தாவது படிக்கிற பெண்ணுக்குத் தலை பின்னத் தெரியாமல் இருக்காது. உங்கள் ஆசைக்காகத்தான் தினமும் உட்கார்ந்து கொடுக்கிறாள் என்று நினைக்கிறேன்.

அவள் போக விரும்புகிறாள் போலிருக்கிறது என்பதை முதலில் மனதுக்குள் ஒத்துக்கொள்ளுங்கள். அம்மாவைப் பிடிக்காமல்தான் ஒரு பெண் வெளியூர் போக நினைப்பாள் என்று இல்லை. அதற்காக உடனே அனுப்பிவிடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். வீட்டுச் சண்டை ஓய்ந்தால் அவள் மனது மாறலாம், மாறாமலும் போகலாம். எந்தப் பதில் வந்தாலும் கேட்டுக்கொள்ளத் தயாரான பிறகு அவளிடம் பேசுங்கள். அழாமல் கேளுங்கள். நீங்கள் அழுதால் அவள் மறுபடி ரப்பரைத்தான் எடுப்பாள்.

அப்புறம் விண்ணப்பம். அவசரம் பள்ளிக்குத்தான், உங்களுக்கு இல்லை. அவள் போகத்தான் வேண்டும் என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். நீட் தேர்வுக்கு பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருஷப் பாடமும் வேண்டும். 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வும் கிடையாது. முதல் வருஷமே பிளஸ் டூ புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுகிற பழக்கம் சில விடுதிப் பள்ளிகளில் உண்டு. அங்கே எப்படி என்று விடுதியில் இருக்கிற பெண்களிடமே கேளுங்கள், அலுவலகத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றுதான் சொல்வார்கள். மகள் பிறகு மனது மாறினால் முன்பணம் முழுதாகத் திரும்பக் கிடைக்குமா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தரவில்லை என்றால் கட்ட வேண்டாம். ரிசல்ட்டுக்குப் பிறகு சேர்த்துக்கொள்கிற பள்ளிகளும் இருக்கத்தான் செய்கின்றன.